பன்னிரண்டில் தோற்காமல் நான்கில் தோற்பது

2022 ஆகஸ்ட் 2 நினைவிருக்கிறதா? லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்கி. இந்த நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17-10 என வென்று காமன்வெல்த் தங்கம் வாங்கிய நாள். லான் பவுல்ஸ் என்று ஒரு விளையாட்டு இருப்பதே நம்மில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

அது நடந்த இடம் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா, விக்டோரியா பூங்கா. அந்தப் புல்தரை இங்கிலாந்துப் பெண்களுக்குப் பல பத்தாண்டுப் பழக்கம். அவர்களுடைய தேசியப் போட்டிகள் அங்கேதான் நடக்கும். அவற்றில் என் மனம் கவர்ந்தது ஜான்ஸ் டிராபி. கவுண்டிக்குக் கவுண்டி, அதாவது நம் ஊர்க் கணக்கில் மாவட்டத்துக்கு மாவட்டம், பெண்கள் மோதும் போட்டி.

லான் பவுல்ஸ் லேசில் எல்லார் கைக்கும் வந்துவிடவில்லை. 1541இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம், கூலிக்காரரும் கைவினைஞரும் கிறிஸ்துமஸ் நாட்களில் தவிர இதை ஆடக்கூடாது என்றது. அந்தத் தடை 1845 வரை ஏட்டில் இருந்தது. 1903இல் ஆண்களுக்குச் சங்கம் வந்தது. கிரிக்கெட் மேதை டபிள்யூ.ஜி. கிரேஸ்தான் முதல் தலைவர். 1911இல் ஆண்களின் கவுண்டிப் போட்டியும் தொடங்கிவிட்டது. பெண்களின் தேசியச் சங்கம் பிறந்தது 1931இல். ஆண்களுக்கு இருபத்தெட்டு ஆண்டு கழித்து! இரண்டு சங்கங்களும் ஒன்றானது 2008இல்தான்.

சரி, ஜான்ஸ் டிராபியில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு கவுண்டிக்கு 24 பேர். நால்வர் நால்வராக ஆறு குழு, ஒவ்வொன்றும் தனித் தடத்தில் ஆடும். பந்து நேராக ஓடாது. ஒரு பக்கம் சாய்ந்து வளையும்படியே செய்திருப்பார்கள். ஜாக் என்கிற சிறு வெள்ளைப் பந்துக்கு அருகே அதை நிறுத்த வேண்டும்.

வெற்றியைத் தீர்மானிப்பது ஆறு தடங்களின் புள்ளிகளையும் கூட்டி வரும் மொத்தம். ஐந்து குழு தலா இரண்டு புள்ளியில் வென்றால் பத்து கூடுதல். ஆறாவது குழு பன்னிரண்டில் தோற்றால் கோப்பை கைநழுவும். அதே குழு நான்கில் தோற்றால் கோப்பை வீட்டுக்கு வரும். அதனால் தோற்றுக்கொண்டிருக்கும் தடத்தைத்தான் நான் உற்றுப் பார்ப்பேன். அங்கே கடைசிப் பந்தை வீச வரும் தலைவி, ஸ்கிப் என்பார்கள், வெல்ல வழியே இல்லை என்று தெரிந்தும் மண்டியிட்டு, மூச்சடக்கி, ஒரே ஒரு புள்ளியைக் குறைக்கப் பந்தை உருட்டுவார். பக்கத்துத் தடங்களில் இருக்கும் அவர் அணியின் இருபது பேரும் அதைத் திரும்பிப் பார்ப்பார்கள்.