நந்தனாரும் நமது நாவும்



சமுதாயம் புறத்தே ஒதுக்கிவைத்த மனிதனைப் புலவர்கள் எத்தகைய மொழியாற் பாடினர் என்பதை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகின்றோம். இதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நம் ஆலயங்களிற் பயன்சொல்லிப் படிக்கக் கேட்ட பெரியபுராணத்திலேயே நந்தனார் நிற்கின்றார்.

சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் அவருடைய பெயரை மட்டும் சொல்லி வணங்கினார். 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் அவ்வரலாற்றை 30க்கு மேற்பட்ட பாடல்களில் விரித்தார். சேக்கிழார் வேளாளர் குலத்தவர், சோழ மன்னனின் அமைச்சர் என்பது மரபு. அத்தகையவரின் பார்வை ஆதனூர்ப் புலைப்பாடியினுள்ளே நுழைகின்றது. அங்கே அது காண்பது என்ன?

முற்றத்திலே கோழிக்குஞ்சுகள் சுற்றித் திரிகின்றன. கையில் இரும்புக் காப்பணிந்த கரிய சிறுவர் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றனர். அவர்கள் அரையிற் கட்டிய மணியின் ஓசையிலே குட்டிகளின் மெல்லிய குரைப்பு அடங்கிப்போகின்றது. மருதமர நிழலிலே தோலொன்றின் மீது தாயொருத்தி மகவைக் கிடத்தி உறங்கவைக்கின்றாள். அவளைப் புலவர் 'உழத்தி' என்கின்றார். மருதநிலத்து உழவர் குடிப் பெண்ணுக்குரிய அதே சொல்! அருவருப்புடன் நோக்குபவன் நாய்க்குட்டியின் குரைப்பைக் கேட்கமாட்டான். அருகிற் சென்று நின்றவனுக்கே அது கேட்கும்.

அத்தோடு, ஊரார் தீண்டத்தகாதவர் என்று தள்ளியவரைச் சேக்கிழார் 'நந்தன்' என்று விட்டுவிடவில்லை, 'நந்தனார்' என்றார். அந்த 'ஆர்' விகுதி சிறிதாயினும் அதிலே ஒரு நீதி அடங்கியிருக்கின்றது.

நந்தனாரின் தொண்டையும் அவர் கூறுகின்றார். கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்தவர் அவர். அவர் தந்த தோல் சந்நிதியிலே முழங்கிற்று. தந்தவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். இம்முரண்பாட்டைப் புலவர் வாதாடிக் காட்டவில்லை. பொருள்களை வரிசைப்படுத்திச் சொன்னதிலேயே அது தெரிகின்றது.

ஆயினும் ஒன்றை நாம் மறைத்தல் தகாது. தில்லையிலே நந்தனார் தீயில் மூழ்கி, பூணூல் விளங்கும் முனிவராக எழுந்த பின்னரே உள்ளே புகுகின்றார். நந்தனாராகவே அவர் புகுந்தாரில்லை. சேக்கிழாரின் அன்பு மொழியும் அந்த மதிலைத் தாண்டவில்லை.

19ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனையாக்கினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரை, நிலமுடைய வேதியரை, அவர் புகுத்தினார். 40 வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டே தில்லைக்குப் போகலாம் என்கின்றார் அந்த ஆண்டை. தடையாக நிற்பது கோயில் வாயில் மட்டுமன்று, வயல் வரப்பும் என்பதை இதனால் உணர்கின்றோம். பாரதியார் மக்கள் பேசும் மொழியைக் கையாண்டார். அதிலுள்ள இலக்கண வழுக்களைக் கண்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப் பாயிரம் வழங்கத் தயங்கினார் என்றும், பின்னர் பாடலைக் கேட்டு மனமிளகி வழங்கினார் என்றும் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். இலக்கணத்துக்கு எட்டாத துயரம் இசையினூடே புலவரின் நெஞ்சைத் தொட்டது.

அன்பர்களே! இஃது அயலூர்க் கதையன்று. இந்நாட்டிலே 1957இல் தீண்டாமைக்கு எதிராகச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. பதினொரு ஆண்டுகளின் பின்னர், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே தமிழரைத் தமிழரே தடுத்து நின்றனர். புராணத்திலே நந்தனாருக்குக் கண்ணீர் வடித்த நாம், வாயிலில் நின்ற மனிதருக்கு வழிவிட மறுத்தோம்.

சட்டம் கதவைத் திறக்கலாம். நாவைத் திருத்த வல்லதன்று. நமது வயலிலே வெயிலில் உழைத்த முதியவரை நாம் 'நீங்கள்' என்றா, 'நீ' என்றா விளிக்கின்றோம்? அவர் பெயரின் பின்னே மரியாதை விகுதி சேர்க்கின்றோமா? எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு புலவர் சேர்த்தார். அவரைப் போற்றுகின்ற நாம் அந்த விகுதியையேனும் கற்றுக்கொள்வோமாக.