பின் பிரேக்கில் ஓர் அம்புக்குறி

ஸ்கூட்டர் கிறீச்சிட்ட பிறகுதான் பலருக்குப் பின் பிரேக் ஞாபகம் வருகிறது.

டிரம் பிரேக் உள்ள பல வண்டிகளில், ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். பிரேக்கை முழுக்க அழுத்தியபடி பின்சக்கரத்தின் பக்கம் குனிந்தால் சின்ன அம்புக்குறி ஒன்று தெரியும். டிரம் மூடியில் உள்ள அடையாளத்துக்கு நேராக அது வந்துவிட்டால், ஷூ மாற்றும் வேளை வந்தாச்சு. அதற்கு மேலும் பிரேக்கை இறுக்கும் நட்டை முடுக்குவது சும்மா ஒப்பேற்றல்தான். பிரேக் இறுகின மாதிரி இருக்கும், தேய்ந்த லைனிங் வளராதே! லைனிங் தீர்ந்து உலோகம் உரசினால் டிரம்மிலும் கீறல் விழும். பல வண்டிகளில் டிரம் சக்கரத்தோடு சேர்ந்தே வருவதால், ஷூவோடு முடிய வேண்டிய செலவு சக்கரம் வரை போகும்.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளுக்குக் கூட்டு பிரேக்கோ ஏபிஎஸ்ஸோ கட்டாயமானது. கூட்டு பிரேக்கில் பின்னதை அழுத்தினால் முன்னதும் பிடிக்கும். அந்த இணைப்பைப் பார்க்காமல் பின்பக்க நட்டை மட்டும் திருகி அனுப்பும் பட்டறைகளும் உண்டு.

நல்ல மெக்கானிக் கழற்றிய பழைய ஷூவைக் கேட்காமலே கையில் கொடுப்பார். டிரம்முக்குள் இருக்கும் கருந்தூசியை வாயால் ஊத மாட்டார், ஈரத் துணியால் துடைப்பார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.