பழசைத் தூக்கிப் போடுமுன்...

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"ரிடையர் ஆகி என்ன செய்றே? அதையே பத்து நிமிஷம் பேசு" என்று செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். நான் செய்வது இதுதான். ஊரார் தூக்கிப் போடுவதைப் பொறுக்கி வந்து, வீட்டுக் கார் ஷெட்டில் போட்டிருக்கும் சிறிய பட்டறையில் ஏதாவது செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டம்மா அதற்கு வைத்திருக்கும் பெயர் 'காயலான் கடை'.

நம் வயதுக்காரர்களுக்குப் பேரீச்சம்பழ வண்டி ஞாபகம் இருக்கும். பழைய இரும்பைக் கொடுத்தால் பழம் கிடைக்கும். அந்தக் காலத்தில் எதையும் எளிதில் கழித்துக் கட்ட மாட்டோம். இன்று வீட்டில் ஒரு மிக்ஸி நின்றால், ரிப்பேருக்கு ஆள் தேடுவதைவிடப் புதிது வாங்குவது சுலபம் என்று ஆகிவிட்டது. ஆகவே பட்டறை வைத்திருப்பவனுக்கு இது பொற்காலம்தான். ஆனால் எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

முதலில் காசில்லாமல் கிடைக்கும் நல்ல சரக்குகள். கண்ணாடி பாட்டில்களின் மூடியை அலமாரிப் பலகையின் அடிப்பக்கம் இரண்டு திருகாணி போட்டு இறுக்குங்கள். ஒரே திருகாணி போட்டால் மூடியும் சேர்ந்து சுற்றும். பாட்டிலை அதில் திருகித் தொங்கவிட்டால் ஆணி, நட்டு, வாஷர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். பழைய சைக்கிள் டியூபை ஒரு அங்குல அகலத்துக்கு நீளமாக வெட்டிக்கொண்டால், உடைந்த நாற்காலிக் காலைப் பசை போட்டு ஒட்டும்போது இழுத்துச் சுற்றிக் கட்டலாம். இரும்புக் கிளாம்பு பிடிக்காத வளைவுகளில்கூட அது பிடிக்கும். சைக்கிள் ஸ்போக்கின் ஒரு முனையில் மரையும் அதற்கேற்ற நிப்பிளும் இருப்பதால், வளைத்தால் அருமையான கொக்கி போல்ட் தயார்.

தேய்ந்த அரத்தில் நல்ல சுரண்டி செய்யலாம். சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். விளிம்பு நீலம் பாரித்துவிட்டால் எஃகின் உறுதி போயிற்று என்று பொருள். அரத்தை நெம்புகோலாகப் பயன்படுத்தாதீர்கள், சுத்தியலாலும் அடிக்காதீர்கள். அது வளையாது, தெறிக்கும். கண்ணுக்கு ஆபத்து.

இனி மோட்டாருக்கு வருவோம். இங்கேதான் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. பழைய மிக்ஸி மோட்டாரில் சாணைக்கல்லை மாட்டினால் என்ன என்று பலருக்கும் தோன்றும். செய்யவே கூடாது. கடையில் விற்கும் 6 அங்குலச் சாணை மெஷின் நிமிடத்துக்கு 2,850 சுற்று அளவில் ஓடுவது. மிக்ஸி மோட்டாரோ சுமையில்லாமல் 18,000 சுற்றைத் தொடும். கல்லின் விளிம்பு வேகம் முதலாவதில் நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர். இரண்டாவதில் 141 மீட்டர். சாதாரணச் சாணைக்கல் தாங்குவது 35 மீட்டர் அளவுதான். வேகம் 6 மடங்குக்குச் சற்று மேல் கூடும்போது, கல்லைப் பிய்த்தெறியும் விசை சுமார் 40 மடங்காகிறது. வேகத்தின் வர்க்கம் என்று முதலாண்டில் படித்தோமே, அதேதான்! கல் வெடித்தால் துண்டுகள் எதிரே நிற்பவர் மேல்தான் பாயும்.

அதற்கு மாற்று நம் கோவை வீடுகளிலேயே இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர் வெட் கிரைண்டரில் பொதுவாக இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 4 துருவ மோட்டார் என்றால் எவ்வளவு முயன்றாலும் 1,500 சுற்றைத் தாண்டாது. நாள் முழுக்க மாவு ஆட்டப் பிறந்தது, பொறுமைசாலி. 6 அங்குலத் தட்டில் உப்புத்தாள் ஒட்டி மரம் தேய்க்கவும், துணிச் சக்கரம் மாட்டிப் பித்தளை விளக்கைப் பளபளப்பாக்கவும் மிகப் பொருத்தம். எர்த் இணைப்பும் சக்கரத்துக்கு ஒரு மூடியும் கட்டாயம் வேண்டும்.

மின்சாரச் சாமான்களில் இன்னொரு எச்சரிக்கை. பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் எடுத்துப் பேரன் பேத்திகளின் சோதனைக்குக் கொடுக்கலாம். ஆனால் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் 325 வோல்ட் வரை ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் விடாது. மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மர் 2,000 வோல்ட் கொடுப்பது. அதை எடுத்து மரத்தில் மின்னல் போலக் கோலம் எரிக்கும் வீடியோக்களைப் பார்த்துச் செய்து உயிரை விட்டவர்கள் வெளிநாடுகளில் பலர். நம் பிள்ளைகளிடம் இதை அவசியம் சொல்லி வையுங்கள். செம்பு எடுப்பதற்காக ஒயரை எரிப்பதும் வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் வரும் புகை நச்சு. சி.எஃப்.எல். பல்புக்குள் பாதரசம் இருக்கிறது. இவையெல்லாம் பட்டறைக்கு அல்ல, மின்னணுக் கழிவு வாங்கும் அனுமதி பெற்றவர்களுக்குப் போக வேண்டியவை. இதற்கென 2022-ல் வந்த விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

பயமுறுத்திவிட்டேனோ? ஒரு நல்ல உதாரணமும் சொல்கிறேன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975-ல் பட்டம் பெற்ற அரவிந்த் குப்தா என்ற பொறியாளர், லாரித் தொழிற்சாலை வேலையில் இருந்தபோது 1978-ல் மத்தியப் பிரதேச கிராமப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்துக்குப் போனார். சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து அவர் காட்டியது எளிய விஷயம். மூன்று குச்சியை இணைத்தால் முக்கோணம் அசையாமல் நிற்கும். நான்கை இணைத்தால் சதுரம் சாயும். பாலத்திலும் கூரையிலும் ஏன் முக்கோணம் என்பது பத்து பைசா செலவில்லாமல் குழந்தைக்குப் புரிந்துவிடும். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆகவே நண்பர்களே, ஒரு பழைய சாமானைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது? எவ்வளவு வேகம், சூடு, வோல்ட் தாங்கும்? ஒரு வருஷத்துக்குள் இதை நான் பயன்படுத்துவேனா? மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. நமக்குப் பின்னால் அந்தக் குவியலைப் பிரித்து ஒழிப்பவர்கள் நம் வீட்டாரும் பிள்ளைகளும்தான். எது வெறும் இரும்பு, எது ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். பெட்டி நிறைந்தால் புதிதாக ஒன்று வரும்போது பழையது ஒன்று போகட்டும்.

ஷெட்டில் இடம் இருக்கிறது. யாருக்காவது பழைய கிரைண்டர் மோட்டார் கழிக்க வேண்டியிருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடியுங்கள். வீட்டம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.