நிலவுக்கும் நாடி பார்த்தார்கள்



இலக்கியத் தொடரில் நிலநடுக்கத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கக்கூடும். தமிழாசிரியனாகிய நான் இதற்குள் நுழைந்தது ஒரு சொல்லின் வழியாகத்தான். பூமி நடுங்கினால் ஆங்கிலத்தில் ஒரு சொல். சந்திரன் நடுங்கினால் வேறொன்று. செவ்வாய் நடுங்கினால் இன்னொன்று. தம் சொல்லுக்குள் பூமியை வைத்துக் கட்டிவிட்டபடியால், ஒவ்வொரு கோளுக்கும் புதுச்சொல் ஆக்கவேண்டிய நிலை அவர்களுக்கு. நமது பூகம்பத்துக்கும் பூமியதிர்ச்சிக்கும் அதே கதிதான். ஆனால் நிலநடுக்கம் என்னும் சொல், நிலம் உள்ள எவ்விடத்துக்கும் பொருந்தும். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "சந்திரனிலும் நிலநடுக்கம் உண்டா, சேர்?" என்று கேட்டபோது, சொல்லளவில் தடையில்லை என்றேன். பொருளளவில் உண்டா என்று பிறகு தேடிப் படித்தேன். அப்படிப் படித்தவற்றில் சிலவற்றையே இன்று உங்களோடு பகிர்கிறேன்.

பலாப்பழத்தை வெட்டாமலே பழுத்ததா, காயா என்று எப்படி அறிகிறோம்? தட்டிப் பார்க்கிறோம். கோள்களின் உள்ளிடத்தை அறியும் வழியும் அடிப்படையில் அதுவே. பூமியின் நடுமையம் நம் காலடியிலிருந்து 6,371 கிலோமீற்றர் ஆழத்தில் உள்ளது. மனிதன் துளைத்த மிக ஆழமான துளையோ, ரஷ்யாவின் கோலாக் குடாநாட்டில், 12 கிலோமீற்றரைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் கண்ணுக்கு வழியில்லை, காதுக்குத்தான் உண்டு. நிலம் அதிரும்போது எழும் அலைகள் கோளின் வயிற்றினூடே சென்று மறுபுறம் வெளிவருகின்றன. நெட்டாங்கலைகள் திண்மத்தையும் திரவத்தையும் கடக்கும். குறுக்கலைகள் திரவத்தினுள் செல்லமாட்டா. எந்த அலை எப்போது வந்தது, எது வரவில்லை என்பதைக் கொண்டு உள்ளிருப்பதை உய்த்தறிகிறார்கள். வானொலியில் என் முகத்தைக் காணாமலே, குரலைக் கொண்டு எனக்குத் தடிமன் பிடித்திருக்கிறதா என்று நீங்கள் அறிவதில்லையா, அப்படித்தான்.

1906 இல் ஓல்டம் என்பார் பூமிக்குக் கரு ஒன்று உண்டென்பதை இவ்வாறே காட்டினார். 1929 இல் நியூசிலாந்தில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் பதிவுகளில், அலைகள் வரக்கூடாத இடங்களில் மெல்லிய அலைகள் வந்திருப்பதை டென்மார்க் நாட்டுப் பெண்மணி இங்கே லேமான் கண்டார். மற்றவர்கள் பொருட்படுத்தாத அந்தச் சிறு கீறல்களை அவர் விடவில்லை. திரவக் கருவுக்குள் இன்னொரு உட்கரு இருக்கவேண்டுமென்று 1936 இல் எழுதினார். 104 வயது வரை வாழ்ந்து, 1993 இல் காலமானார்.

இனிச் சந்திரனுக்கு வருவோம். 1969 ஜூலையில் அப்பலோ 11 இல் சென்றவர்கள் அங்கே நடுக்கமானி ஒன்றை வைத்தார்கள். அவர்களுடைய காலடி அதிர்வையே அது பதிந்ததாம். மூன்று வாரமளவில் அது ஓய்ந்துவிட்டது. ஆனால் அப்பலோ 12, 14, 15, 16 ஆகியவற்றில் சென்றோர் வைத்தவை ஆண்டுக்கணக்கில் உழைத்தன. 1969 நவம்பரில், தேவை முடிந்த ஏறுகலத்தை வேண்டுமென்றே சந்திரனில் மோதவிட்டார்கள். பலாப்பழத்தைத் தட்டியது போன்ற வேலைதான். பூமியில் இத்தகைய அதிர்வு சில நிமிடங்களில் அடங்கிவிடும். சந்திரனோ ஏறத்தாழ ஒரு மணிநேரம் அதிர்ந்துகொண்டேயிருந்தது.

மணி போல ஒலித்தது என்று அப்போது பத்திரிகைகள் எழுத, சந்திரன் உள்ளே வெறுமையானது என்று கதைகட்டியவர்களும் கிளம்பினார்கள். உண்மைக் காரணம் வேறு. பூமியின் பாறைகளில் ஊறியிருக்கும் நீர் அதிர்வை உறிஞ்சிவிடுகிறது. சந்திரனின் மேலோடு உலர்ந்தது. விண்கற்கள் விழுந்து விழுந்து வெடித்துச் சிதைந்தது. அலைகள் அந்த வெடிப்புகளுக்கிடையே திரும்பத் திரும்பத் தெறித்து அலைகின்றன. அவற்றை விழுங்க நீரில்லை. வெடித்த பானை ஒலிக்காது என்பது நம்மூர் அனுபவம். அந்த அனுபவம் அங்கே செல்லாது.

என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. சந்திரனில் 700 முதல் 1,100 கிலோமீற்றர் வரையான ஆழத்தில் மெல்லிய நடுக்கங்கள் எழுகின்றன. அவை ஏறத்தாழ 27 நாளுக்கொருமுறை அதே இடங்களில் மீண்டும் வருகின்றன. பூமியின் ஈர்ப்பு சந்திரனைப் பிசைவதாலேயே அந்த ஒழுங்கு. நிலவு நம் கடலை ஏற்றி இறக்குவதை எல்லோரும் அறிவோம். பதிலுக்கு நாமும் அதன் உள்ளத்தை அசைக்கிறோம் என்பதை அகத்திணை பாடிய புலவர்கள் அறிந்திருந்தால் சும்மா விட்டிருப்பார்களா?

1977 செப்ரெம்பர் 30 ஆம் திகதி, செலவைக் குறைப்பதற்காக அந்தக் கருவிகளைப் பூமியிலிருந்தே நிறுத்தினார்கள். எஞ்சியவை ஆயிரக்கணக்கான காந்த நாடாச் சுருள்கள். அவற்றை வாசிக்கும் இயந்திரங்களும் நாளடைவில் அருகின. ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோசியோ நாகமுரா என்னும் அறிஞர் 1990களில் அந்தப் பதிவுகளைப் புதிய நாடாக்களுக்கு மாற்றிக் காப்பாற்றினார். செல்லரித்த ஏடுகளைத் தேடி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையை அறிந்த நமக்கு இந்த வேலையின் அருமையை விளக்கவேண்டியதில்லை. பிரதி பண்ணுவது கண்டுபிடிப்பு ஆகுமா என்று கேட்பவர்கள், அதன் பின் நடந்ததைப் பார்க்கவேண்டும்.

2011 இல் அந்தப் பழைய பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரைச்சலை நீக்கிப் பார்த்தபோது, சந்திரனுக்குள் சுமார் 240 கிலோமீற்றர் ஆரையுள்ள திண்மக் கருவும் அதைச் சூழ்ந்து திரவப் படையும் தெரிந்தன. 2024 இல் யப்பானிய ஆய்வாளர் கெய்சுகே ஒனோடெரா அதே பதிவுகளிலிருந்து, முன்னர் எவரும் கணக்கெடுக்காத சுமார் 22,000 நடுக்கங்களை எடுத்துக்காட்டினார். கருவிகள் ஓய்ந்து 47 ஆண்டுகளின் பின்பு! இது ஏட்டுக்கல்வியோடு முடியும் விடயமுமன்று. சந்திரனில் மேலோட்டமாக எழும் நடுக்கங்கள் அரிதாயினும் வலியவை, நெடுநேரம் நீடிப்பவை. அங்கே மனிதர் தங்குவதற்கு வீடு கட்ட எண்ணுவோர் இந்தக் கணக்கைப் பாராமல் அத்திவாரம் போட முடியாது.

செவ்வாயின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1976 இல் இறங்கிய வைக்கிங் கலங்களில் ஒன்றின் நடுக்கமானி இயங்கவில்லை. மற்றது கலத்தின் தட்டிலேயே பொருத்தப்பட்டிருந்தபடியால், பெரும்பாலும் காற்றின் உலுக்கலையே கேட்டது. 2018 நவம்பர் 26 இல் இறங்கிய இன்சைற் கலம் அந்தப் பாடத்தைப் படித்திருந்தது. தன் இயந்திரக் கையால் பிரெஞ்சுக்காரர் செய்த நடுக்கமானியை நிலத்தில் வைத்து, மேலே கவசமொன்றையும் கவிழ்த்தது. நான்கு ஆண்டுகளில் 1,300 இற்கு மேற்பட்ட நடுக்கங்களைக் கேட்டது. 2022 மே 4 ஆம் திகதி வந்த பெரிய நடுக்கத்தின் அதிர்வுகள் குறைந்தது 6 மணிநேரம் நீடித்தன. விண்கல் விழுந்த வடு ஏதும் உண்டா என்று இந்தியா, சீனா உட்படப் பல நாடுகளின் செய்மதிகள் எடுத்த படங்களில் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆகவே அது செவ்வாயின் உள்ளிருந்தே எழுந்ததென்று முடிவுசெய்தார்கள்.

இன்சைற்றைக் கொன்றது தூசி. சூரியத் தகடுகளில் தூசி படியப் படிய மின்வலு குன்றியது. மற்றக் கருவிகளை நிறுத்தி, எஞ்சிய வலுவை நடுக்கமானிக்கே கொடுத்தார்கள். 2022 டிசெம்பர் 15 இன் பின் அதனிடமிருந்து செய்தி வரவில்லை. 2021 இல் செவ்வாயின் திரவக் கருவின் ஆரை சுமார் 1,830 கிலோமீற்றர் என்றிருந்தார்கள். 2023 இல், கருவுக்கு மேலே உருகிய பாறைப் படையொன்று உண்டென்று கண்டு, அதைச் சுமார் 1,650 ஆகக் குறைத்தார்கள். அந்த ஓய்ந்துபோன கருவியின் பதிவுகளையே எடுத்து மீண்டும் படித்த சீன விஞ்ஞானிகள் தலைமையிலான குழு, அந்தத் திரவத்தின் நடுவே சுமார் 600 கிலோமீற்றர் ஆரையுள்ள திண்மக் கரு இருப்பதாக 2025 இல் அறிவித்தது.