மண்கரையும் மறுகாலும்

(ஏரிப் பாசன உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



அணை என்றவுடன் நம் நினைவு மேட்டூருக்கும் முல்லைப் பெரியாற்றுக்கும் ஓடுகின்றது. பழம்பெருமை பேசுவோர்க்குக் கல்லணை நினைவில் எழுகின்றது. நான் இன்று பேச வந்தது அவற்றைப் பற்றியன்று. ஊர்ப்புறத்தே பனைமரங்கள் வரிசையாய் நிற்க, ஆடுமாடுகள் ஏறி இறங்க, வெறும் மண்மேடு போலக் கிடக்கின்றதே ஏரிக்கரை, அந்த மண்ணணையைப் பற்றியே பேச வந்துள்ளேன். தமிழ்நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரிகளும் குளங்களும் உள்ளன. அவற்றின் கரைகளில் மிகப் பெரும்பாலானவை மண்ணால் ஆனவையே.

இக்கரை பயிருக்கு நீர் தேக்குவது என்பதை எல்லாரும் அறிவோம். வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தி, அதன் வெறியைத் தணித்து, மெல்ல மெல்லக் கீழே விடுவதும் இக்கரையே என்பதைத்தான் மறந்துவிட்டோம். நாம் மறந்தாலும் நம் மொழி மறக்கவில்லை. தொண்டை மண்டலத்துச் சிற்றேரிகளுக்குத் தாங்கல் என்று பெயர். இறங்கி வரும் நீரின் விசையைத் தாங்குவது தாங்கல். பாண்டி நாட்டில் ஏந்தல் என்பர். மேட்டிலிருந்து இழியும் நீரை இரு கைகளால் ஏந்திக் கொள்வது போல் ஏந்துவது ஏந்தல். தடுத்து நிறுத்தும் கட்டுக்குச் சிறை என்றே பழந்தமிழர் பெயரிட்டனர். பெருகிவரும் படையைத் தனியொருவனாய் எதிர்நின்று தடுக்கும் மறவனுக்குத் தொல்காப்பியர் காட்டும் உவமை, விரைந்து வரும் புனலைத் தடுக்கும் கற்சிறையாகும். உவமையாய் ஆளப்பட்டதெனில், அப்பொருள் அன்றே மக்கள் அனைவர்க்கும் தெரிந்த பொருளாய் இருந்திருத்தல் வேண்டுமன்றோ?

சிறுகுளத்தின் கரை எவ்வாறு அமைந்தது என்பதற்குக் கபிலரின் புறப்பாட்டு ஒன்று (118) சான்று பகர்கின்றது. பாறையும் சிறுகுன்றும் இணைந்த இடத்தில், எட்டாம் நாள் பிறை போல் வளைந்த கரையுடையது பறம்பு நாட்டுத் தெண்ணீர்ச் சிறுகுளம் என்கின்றார் அவர். இது வெறும் அழகுரையன்று. இரு புறத்தும் பாறையில் கரைக்குத் தோள் கொடுத்தால், மண் குறையும். முனைகளில் நீர் அரித்துச் செல்லும் அச்சமும் குறையும். பாவலர் கண் பொறியாளர் கண்ணாகவும் இருந்திருக்கின்றது! ஆயின் அப்பாட்டு மகிழ்ச்சிப் பாட்டன்று. பாரி மாய்ந்தபின், அக்குளம் காப்பாரின்றி உடைகின்றது எனக் கையற்றுப் பாடிய பாட்டு அது. மண்கரைக்கு முதற்பகை மழையன்று, கவனிப்பார் இன்மையே என்பதை இருபது நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழர் கண்டிருக்கின்றார்.

மண்கரை எவ்வாறு உடைகின்றது? கரைக்குள் நீர் புகுந்து அரித்துக் கொண்டு வெளியேறுவது ஒன்று. எலி வளையும் நண்டு வளையும், கரைமேல் வளர்ந்து பட்டுப்போன சீமைக்கருவேலின் மக்கிய வேரும் அதற்கு வழிவகுக்கும். புறச்சரிவின் அடியில் தெளிந்த நீர் கசிந்தால் ஓரளவு பொறுக்கலாம். கலங்கிய நீர் கசிந்தால் கரையின் மண்ணே கரைந்து வருகின்றது என்று பொருள். ஊரில் உள்ள முதியவர்க்கு இது தெரியும். சரிவு ஈரம் ஊறிச் சரிந்து வீழ்வது மற்றொன்று. இவ்விரண்டினும் கொடியது, நீர் கரையின் தலைமேல் ஏறி வழிவது. கல்லணைமேல் நீர் வழியலாம், கேடில்லை. மண்ணணைமேல் ஒரு சாண் நீர் வழிந்தாலும் புறச்சரிவு அரிபடத் தொடங்கிச் சில நாழிகையில் கரையே இராது. பிறகு வருவது மழை வெள்ளமன்று. மழை வெள்ளத்தோடு ஏரி முழுவதும் சேர்ந்து ஒரே மூச்சில் வரும் பெருங்கேடு.

ஆகவேதான் கரையினும் தாழ்ந்த மட்டத்தில், கல்லால் கட்டிய ஒரு வழியை நம் முன்னோர் வைத்தனர். அதுவே கலிங்கு. வடமாவட்டங்களில் ஏரி நிரம்பி வழிவதைக் கோடி போதல் என்பர். தென்மாவட்டங்களில் மறுகால் பாய்தல் என்பர். மறுகால் என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். வரத்துக்கால் ஒருகால்; வெளியேறுவது மறுகால். அந்த மறுகால் அடுத்த ஏரிக்கு வரத்துக்காலாகின்றது. இவ்வாறு ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாய்க் கோத்த மணிமாலையாய் நிற்கின்றன. மேலேரியில் தங்கிய நீர் கீழேரிக்குக் காலந்தாழ்த்தி வருவதால், எல்லா ஓடைகளின் வெள்ளமும் ஒரே நேரத்தில் ஆற்றில் சேராமல் போகின்றது.

சிறிது கணக்கும் பார்ப்போம். 40 எக்டேர் நீர்ப்பரப்புள்ள ஏரியில் கலிங்கு மட்டத்திற்கு மேல் அரை மீட்டர் நீர் ஏறினால், 2 இலக்கம் கன மீட்டர் வெள்ளம் சற்று நேரம் அங்கே தங்குகின்றது. இனி, கலிங்கின் பாதி நீளத்தை யாரோ மண் கொட்டி அடைத்துக் கட்டடம் எழுப்பிவிட்டார் என்று கொள்க. முன்னர் 60 செ.மீ. உயரத்தில் வழிந்து சென்ற அதே வெள்ளம், இனி ஏறத்தாழ 95 செ.மீ. உயரத்தில்தான் வழிந்தாக வேண்டும். கரைக்கும் கலிங்குக்கும் இடையே 90 செ.மீ. உயரமே விட்டிருந்தால் என்னாகும்? கரையை ஒருவரும் தொடவில்லை. ஒரு கூடை மண்கூட அதிலிருந்து எடுக்கவில்லை. ஆயினும் கரை போய்விடும்! ஏரியைத் தூர்வாரினோம், தூர்வாரினோம் என்று முழங்குவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. தூர்வாருதல் வேண்டியதே; ஆயின் கலிங்கை மறந்த தூர்வாரல் வெள்ளத்திற்கு மருந்தாகாது. மேலும் வண்டல் எடுக்கின்றோம் என்று கரையடியிலேயே குழி பறிப்பது, நிற்பவனின் காலடி மண்ணைப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

பழைய கலிங்குகளின் முடிமேல் சிறு கற்றூண்கள் வரிசையாய் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெருமழை ஓய்ந்தபின், அவற்றின் இடையே களிமண்ணும் வைக்கோலும் அடைத்து, கூடுதலாய்ச் சிறிது நீரைத் தேக்கிக் கொள்வர். மீண்டும் மழை கறுத்தால் அடைப்பைக் களைந்துவிடுவர். வெள்ளத்திற்கு அஞ்சுவதும் நீருக்கு ஏங்குவதும் ஆகிய முரணான இரு தேவைகளையும் ஒரு பிடி களிமண்ணால் ஈடுசெய்த அறிவு அது. சிலவிடங்களில் அந்த இடைவெளிகளைக் கற்காரை பூசி நிலையாகவே அடைத்துவிட்டனர். கற்காரையை எந்த இரவில் யார் களைவது?

களைவதற்கென்று ஆட்கள் இருந்தனர். நீர்க்கட்டி என்றும், நீர்ப்பாய்ச்சி என்றும், மடைக்குடும்பர் என்றும் ஊர்தோறும் ஒரு பெயர். கொட்டும் மழையிரவில் கரைமேல் நடந்தவர்கள். நீரில் மூழ்கித் தூம்பின் அடைப்பைத் திறந்தவர்கள். அவர்களுள் பலர், நாம் சேரிக்கு ஒதுக்கி வைத்த மக்கள். உயிரைப் பணயம் வைத்து ஊரைக் காத்தவர்க்கு ஊர் தந்தது களத்துமேட்டில் சில மரக்கால் நெல். மடை திறந்தவனே மடையன் எனப்பட்டான்; அதுவே பின்னர் வசையாயிற்று என்று சிலர் கூறுவர். மடமையின் அடியாகப் பிறந்த சொல் வேறு, மடையின் அடியாகப் பிறந்த சொல் வேறு என்பதே என் முடிபு. ஆயினும் அவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ள நம் செவி கூசவில்லையே, அதுதான் வெட்கம்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிச் சொல்லாவிடில் பொழிவு நிறைவுறாது என்பார் உளர். முதற் பராந்தகன் காலத்து (919, 921) அக்கல்வெட்டுகள், குடவோலையால் அமர்த்தப்பட்ட அறுவர் கொண்ட ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. ஏரிக்கென்று ஒரு குழு, ஓராண்டுப் பொறுப்பு, பின்னர் வேறு ஆட்கள்! சிறந்த முறையே. ஆயின் அது பார்ப்பனர் ஊரவை; நிலமும் மனையும் மறைப்பயிற்சியும் உடையவர்க்கே ஓலையில் இடம். கரையில் மண் சுமந்தவன் பெயர் குடத்திற்குள் செல்லவில்லை. ஆகவே முறையை எடுத்துக் கொள்வோம், வேலியை விட்டொழிப்போம்.

இன்றைய நிலை என்ன? 40 எக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மேலேரி ஒருவர் கையில், கீழேரி மற்றொருவர் கையில். இரண்டையும் இணைக்கும் மறுகாலோ வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்னும் ஒரு கோடு. நீர் இத்துறைகளை அறியாது.

2015ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தில் எல்லாரும் செம்பரம்பாக்கத்தைப் பற்றியே வாதிட்டனர். முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கினவே, அங்குச் செம்பரம்பாக்கத்து நீரா வந்தது? அந்நீர் அடையாற்றில் சேருமிடம் இவற்றிற்குக் கீழே, திருநீர்மலைப் பக்கத்தில். இவ்வூர்களை மூழ்கடித்தது ஆதனூர்ப் பக்கத்துச் சிற்றேரிகளின் மிகுநீர். அது போகும் வழியெல்லாம் மனைகளாகிவிட்டிருந்தன. 2023ஆம் ஆண்டின் இறுதியில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் குளக்கரைகள் பல உடைந்தன. அத்துணை மழையை எந்தக் கலிங்கும் தாங்காது என்பர். முழுவதும் தாங்காதுதான். ஆயினும் ஒரு கரை உடையாமல் நிற்கும் ஒவ்வொரு நாழிகையும், கீழூரார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற ஒரு நாழிகையாகும்.

வடகிழக்குப் பருவமழை துலைத் திங்களில், அதாவது ஐப்பசியில், தொடங்குகின்றது. அதற்கு முந்திய கன்னித் திங்களில் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஊரில் ஏரியறிந்த முதியவர் ஒருவரை முன்னே விட்டு, உங்கள் கலிங்கிலிருந்து அடுத்த ஏரியின் உள்வாய் வரை மறுகால் வழியே நடந்து செல்லுங்கள். வேலியிட்ட இடம், மண் மேடிட்ட இடம், குறுகிய குழாய் போட்டுப் பாதை அமைத்த இடம், இவற்றைப் புல எண்ணோடு குறித்துக் கொள்ளுங்கள். கலிங்கின் நீளத்தையும் கரைக்கும் அதற்கும் உள்ள உயர வேறுபாட்டையும் அளந்து எழுதுங்கள். அம்முதியவர் சொல்லும் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் அவர் சொன்னவாறே எழுதுங்கள். அவ்வேட்டை ஊராட்சி மன்றக் கூட்டத்தில் உரக்கப் படித்துத் தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள். ஒரு படியைக் கீழூராருக்கும் கொடுங்கள்.