இரண்டு சுவர், இரண்டு பிரதி



செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற நாம் கடற்கரைக் கோயிலோடு திரும்பி விடுகிறோம். சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டக் குடைவரை இருக்கிறது. ஒரு சுவரில் வடமொழிச் சுலோகங்கள் பல்லவ கிரந்த எழுத்தில். எதிர்ச்சுவரில் அவையே நாகரியில். கிரந்தம் தெரியாதவருக்கு நாகரி துணை. எங்க தொழிலில் இதற்குப் பேர் பேக்கப்!

நம்ம சரக்கு எப்படி? 1.44 எம்பி ஃபிளாப்பியும் 700 எம்பி சிடியும் பீரோவில் பத்திரமாக இருக்கும். போட்டுப் பார்க்கத்தான் டிரைவ் இருக்காது. அதிலும் நாமே எழுதிய சிடியில் சாயம் வெளிறிவிடும். ஹார்டு டிஸ்க் சுழலும் யந்திரம், கீழே விழுந்தால் போச்சு. எஸ்எஸ்டி விழுந்தாலும் தாங்கும். ஆனால் கரண்ட் கொடுக்காமல் வருஷக்கணக்கில் போட்டு வைத்தால் உள்ளே தேக்கிய மின்னூட்டம் கசியும். பென் டிரைவும் அந்த ரகம்தான். பெரிய நிறுவனங்களின் எல்டிஓ டேப் முப்பது வருஷம் தாங்கும் என்கிறார்கள். புது டிரைவோ பல தலைமுறை பழைய டேப்பைப் படிக்காது.

நம் துறை அலமாரியில் பழைய பேட்சுகளின் புராஜக்ட் சிடிகள் தூங்குகின்றன. அவற்றை இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றைக் கல்லூரியிலும் மற்றதை வெளியூர் நண்பர் வீட்டிலும் வைப்போம். சிடி டிரைவ் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை இரண்டு தம்பிகள் வந்தால் ஆரம்பித்து விடலாம்.