வழக்கறிஞர் அறங்காவலராகும்போது

(பெருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் அறக்கட்டளைக்குப் புதிய நிருவாகக் குழு அமைக்கும்போது ஊரார் முதலில் தேடுவது கணக்கு அறிந்த ஒருவரை; அடுத்துத் தேடுவது ஒரு வழக்கறிஞரை. காரணம் வெளிப்படை. நிலத்தின் பட்டாவைச் சரிபார்க்க வேண்டும். குத்தகை பாக்கி வைத்தவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். வரி அலுவலகக் கடிதத்துக்கு விடை எழுத வேண்டும். வழக்கறிஞர் ஒருவர் குழுவிலேயே இருந்துவிட்டால் செலவு மிச்சம் என்பது பலரின் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இருக்கிறது.

இந்தியப் பார் கவுன்சில் வகுத்துள்ள நடத்தை விதிகள் இதனைத் தெளிவாகவே கூறுகின்றன. ஒரு நிறுவனத்தின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருக்கும் வழக்கறிஞர், அந்நிறுவனத்துக்காகவோ அதனை எதிர்த்தோ நீதிமன்றத்தில் வழக்காடக் கூடாது. குழுவுக்கு எந்தப் பெயர் சூட்டப்பட்டிருந்தாலும் சரி, பொது நிருவாகம் அதன் கையில் இருந்தால் விதி பொருந்தும். தமக்குப் பண நலன் உள்ள வழக்கிலும் அவர் வாதாடலாகாது. ஆகவே, வழக்கு நடத்தித் தருவார் என்று எண்ணி ஒருவரை அறங்காவலராக்கும் அன்றே, அறக்கட்டளை அவரைத் தன் வழக்கறிஞராகப் பெறும் வாய்ப்பை இழந்துவிடுகிறது. இதனை அறியாமல் நெடுங்காலம் இரண்டு பணிகளையும் ஒருவரிடமே ஒப்படைத்து மகிழ்ந்திருக்கும் குழுக்கள் உண்டு.

ஆங்கிலத்தில் ‘டிரஸ்ட்’ என்ற சொல்லுக்கு நம்பிக்கை என்பது பொருள். தமிழோ அப்பொறுப்பில் இருப்பவரை அறங்காவலர் என்கிறது. நம்பப்படுபவர் என்பதைவிட அறத்தைக் காப்பவர் என்பது கடுமையான சொல். நம்பிக்கை பிறர் தருவது. காவல் தாமே செய்ய வேண்டியது. சட்டம் எந்தச் சொல்லுக்கு நெருங்கி நிற்கிறது என்று பார்த்தால், தமிழ்ச் சொல்லுக்கே என்பது விளங்கும்.

இங்கிலாந்தில் 1726ஆம் ஆண்டு தீர்ப்பான கீச் எதிர் சாண்ட்ஃபோர்டு வழக்கை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கின்றனர். ராம்ஃபோர்டு என்னும் ஊரின் சந்தை வருவாய்க் குத்தகை, ஒரு சிறுவனுக்காக ஓர் அறங்காவலரிடம் இருந்தது. குத்தகைக் காலம் முடிந்தபோது, சிறுவன் பெயருக்குப் புதுப்பித்துத் தர உரிமையாளர் மறுத்துவிட்டார். அறங்காவலர் அதனைத் தம் பெயருக்கே பெற்றுக்கொண்டார். சிறுவனுக்குக் கிடைக்காது என்று முடிவான பொருளைத்தானே அவர் பெற்றார், இதில் சிறுவனுக்கு என்ன இழப்பு என்று கேட்கத் தோன்றும். நீதிமன்றம் ஏற்கவில்லை. உலகில் எவர் வேண்டுமானாலும் அந்தக் குத்தகையைப் பெறலாம். அந்த அறங்காவலர் ஒருவர் மட்டும் பெறலாகாது என்பது தீர்ப்பின் சாரம். ஆதாயம் முழுவதும் சிறுவனுக்கே சேர்ந்தது.

இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1966இல், அதே நெறி ஒரு வழக்கறிஞர் மீது பாய்ந்தது. போர்டுமேன் என்பவர் ஃபிப்ஸ் குடும்ப அறக்கட்டளையின் சட்ட ஆலோசகர், அறங்காவலர் அல்லர். ஒரு நெசவுத் தொழில் நிறுவனத்தின் 30,000 பங்குகளில் 8,000 பங்குகள் அந்த அறக்கட்டளைக்கு உரியவை. நிறுவனம் சரியாக நடக்கவில்லை என்பதைக் கண்டு, போர்டுமேனும் குடும்பத்தைச் சேர்ந்த பயனாளர் ஒருவரும் அறக்கட்டளையின் சார்பாளர் என்ற முறையில் பங்குதாரர் கூட்டத்துக்குச் சென்றனர். பல ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப்பின் எஞ்சிய பங்குகளைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கி நிறுவனத்தைச் சீராக்கினர். பங்கு மதிப்பு உயர்ந்தது. அறக்கட்டளைக்கும் பெரும் ஆதாயம், இருவருக்கும் ஆதாயம். அந்தப் பங்குகளை அறக்கட்டளை வாங்கும் எண்ணமே அறங்காவலர்களுக்கு இருக்கவில்லை. வாங்க விரும்பியிருந்தாலும் நீதிமன்ற அனுமதி வேண்டியிருந்திருக்கும்.

மற்றொரு பயனாளர் வழக்குத் தொடுத்தார். போர்டுமேன் நேர்மை தவறினார் என்று எந்த நீதிபதியும் கூறவில்லை. ஆயினும் பிரபுக்கள் அவையில் ஐவருள் மூவர், அவர் தம் ஆதாயத்தை அறக்கட்டளைக்குக் கணக்கு ஒப்புவித்தே தீர வேண்டும் என்றனர். அறக்கட்டளையின் பெயரைச் சொல்லிப் பெற்ற செய்தியும் வாய்ப்பும் அவருடையவை அல்ல என்பது காரணம். உழைப்புக்கும் திறமைக்கும் தாராளமான ஊதியம் மட்டும் அளிக்கப்பட்டது. இத்தீர்ப்பு மிகக் கடுமையானது என்று கருதுவோர் இன்றும் உளர். மாறுபட்ட இரு நீதிபதிகளின் வாதத்தைப் படிப்பவர் மனம் அப்பக்கம் சாய்ந்தால் வியப்பில்லை. ஆனால் கடுமைக்கு ஒரு பயன் உண்டு. ஆதாயம் நேர்மையானதா என்று ஒவ்வொரு முறையும் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி முழு இசைவு பெறாத ஆதாயம் தங்காது என்று அறிந்தவர், அதனைத் தேடிச் செல்லமாட்டார்.

இந்த நெறி கடல் கடந்த கதை என்று ஒதுக்குவதற்கில்லை. இந்திய அறக்கட்டளைகள் சட்டம் 1882இல் இயற்றப்பட்டது. அதன் 88ஆம் பிரிவு, தம் பதவியைப் பயன்படுத்தி ஆதாயம் பெற்றால் திருப்பித் தர வேண்டியவர்களைப் பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் அறங்காவலரோடு சட்ட ஆலோசகரும் பெயர் சுட்டி வைக்கப்பட்டிருக்கிறார். கோயில், பள்ளி போன்ற பொது அறக்கட்டளைகளுக்கு அச்சட்டம் நேராகப் பொருந்தாது என்பது உண்மை. எனினும் அதிலுள்ள அடிப்படை நெறிகளை நீதிமன்றங்கள் அவற்றுக்கும் பின்பற்றுகின்றன. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி, அறக்கட்டளையில் அக்கறை உடைய இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடுத்து, கணக்குக் கேட்கவும் அறங்காவலரை நீக்கக் கோரவும் முடியும்.

ஊதியத்துக்கு வருவோம். பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தாலன்றி, அல்லது பொறுப்பேற்கும்போதே பயனாளருடனோ நீதிமன்றத்துடனோ ஒப்பந்தம் செய்திருந்தாலன்றி, அறங்காவலருக்குத் தம் உழைப்புக்கு ஊதியம் பெறும் உரிமை இல்லை என்பது 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. வழக்கறிஞராக இருப்பதனால் விலக்கு ஏதும் இல்லை. கைப்பணம் செலவிட்டால் அதனைத் திரும்பப் பெறலாம், அது வேறு.

இனி, உடன் அமர்ந்திருக்கும் மற்ற அறங்காவலர்களைப் பற்றி. உண்மையான இடர் இங்கேதான் இருக்கிறது. வழக்கறிஞர் குழுவில் வந்தமர்ந்ததும் மற்றவர்கள் கேள்வி கேட்பதை விட்டுவிடுகிறார்கள். ‘வக்கீல் ஐயா பார்த்துவிட்டார்’ என்ற ஒரு சொல்லில் விற்பனைப் பத்திரமும் குத்தகை ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிடுகின்றன. தெரிந்தவர் முன் தெரியாதவர் அடங்குவது இயல்பான பணிவு. அறங்காவலருக்கு மட்டும் அது பொருந்தாப் பணிவு. அறங்காவலர் பலர் இருந்தால் எல்லோரும் சேர்ந்தே செயற்பட வேண்டும், தம் கடமையைப் பிறரிடம் ஒப்படைத்துவிடக் கூடாது என்பதே பொது விதி. முடிவைச் செயற்படுத்த ஒருவரை அனுப்பலாம். முடிவெடுப்பதை அனுப்பிவிட முடியாது. 1898இல் ஹெட் எதிர் கௌல்டு என்ற ஆங்கில வழக்கில், வழக்கறிஞர் ஒருவரோடு அறங்காவலராக இருந்த பெண்மணி, இழப்பு முழுவதையும் அவரே ஏற்க வேண்டும் என்று கேட்டார். அம்மையாரும் முனைந்து அந்தத் தவற்றில் பங்கு கொண்டிருந்தார். உடன் இருந்தவர் வழக்கறிஞர் என்ற ஒன்று மட்டுமே அவரைக் காப்பாற்றாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

குழுவுக்கு வெளியே நின்று ஆலோசனை மட்டும் கூறும் வழக்கறிஞரின் நிலை இதனினும் எளிது என்று தோன்றலாம். அவருக்கும் ஒரு கேள்வி உண்டு: கட்சிக்காரர் யார்? ஆலோசனை கேட்டு வருபவர் தலைவர் அல்லது செயலாளர். கட்டணம் தருவது அறக்கட்டளை. இருவர் நலனும் ஒன்றாக இருக்கும்வரை தொல்லையில்லை. தலைவர் மீதே கணக்குக் குற்றச்சாட்டு எழும் நாளில், அறக்கட்டளையின் பணத்தில் அவரைக் காக்கும் பணியை அந்த வழக்கறிஞர் ஏற்க முடியாது. தனியே வேறொருவரை, தம் சொந்தச் செலவில் அமர்த்திக்கொள்ளுமாறு தலைவரிடம் கூறுவதே அவர் செய்ய வேண்டியது. பழகிய முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது எளிதன்று. பலர் சொல்வதில்லை.

1874ஆம் ஆண்டு பார்ன்ஸ் எதிர் ஆடி வழக்கில், ஒரே ஒருவரை அறங்காவலராக நியமிப்பது ஆபத்து என்று வழக்கறிஞர் எச்சரித்தார். கட்சிக்காரர் கேளாமையால் பத்திரம் எழுதப்பட்டது. புதிய அறங்காவலர் பணத்தைத் தம் தொழிலில் போட்டு நொடித்துப்போனார். குழந்தைகள் வழக்கறிஞர்கள் மீதும் வழக்குத் தொடுத்தனர். பணத்தைக் கையில் பெறாதவரும் சூதினை அறிந்து துணைபோகாதவரும் பொறுப்பாக மாட்டார் என்று தீர்ப்பாயிற்று. வழக்கறிஞர்கள் தப்பினர், குழந்தைகளின் பணம் போயிற்று.

எச்சரிக்கையை வாயால் சொல்வதோடு நில்லாமல் மடலாக எழுதித் தருவது நல்ல வழக்கறிஞரின் வழக்கம். அம்மடல் தலைவர் வீட்டு மேசையில் கிடக்க வேண்டியது அன்று. கூட்டத்தில் படிக்கப்பட்டு, தீர்மானப் புத்தகத்தில் குறிக்கப்பட்டு, அறக்கட்டளையின் கோப்பில் சேர வேண்டியது. புதிய குழு பொறுப்பேற்கும் நாளில் சாவிக்கொத்தும் நகைப் பட்டியலும் நிலப் பத்திரங்களும் கைமாறுகின்றன. அவற்றோடு அந்தக் கோப்பையும் கேட்டுப் பெற வேண்டும்.